ஜிம் கணக்கு வேறு, மேடைக் கணக்கு வேறு

வேலை முடிந்ததும் ஜிம்முக்குப் போய் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் போடுகிறவரா நீங்கள்? ஆறு மாதமாக அதே தட்டு, அதே எண்ணிக்கையில் நிற்கிறீர்களா? அப்படியானால் புது புரோட்டீன் டப்பா வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மாவட்டத்தில் அடுத்து நடக்கும் வலுதூக்கும் (பவர்லிஃப்டிங்) போட்டிக்குப் பெயர் கொடுங்கள்.

‘நானெல்லாம் எந்த மூலைக்கு?’ என்பதுதான் பலரும் சொல்லும் முதல் பதில். ஆனால் இந்த விளையாட்டில் உடல் எடைக்கும் வயதுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. 40 வயதானால் மாஸ்டர்ஸ் பிரிவு. அதிலும் பத்துப் பத்து வயதாகப் பிரித்திருப்பார்கள். 2024-இல் கோவையில் நடந்த ஒரு போட்டியில் பொள்ளாச்சியைச் சேர்ந்த 82 வயது கிட்டம்மாள் பாட்டி 50 கிலோ டெட்லிஃப்ட் எடுத்தார். இதற்கு மேல் வயதைக் காரணம் காட்ட எனக்கு வாய் வராது.

பதக்கத்தைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். நீங்கள் உண்மையில் எவ்வளவு தூக்குகிறீர்கள் என்பதை முதன்முறையாக அங்கேதான் தெரிந்துகொள்வீர்கள். பல ஜிம்களில் பார் எத்தனை கிலோ என்பதே யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ‘நூறு அடிச்சேன்’ என்பதில் ஸ்பாட்டர் நண்பரின் விரல்கள் எத்தனை கிலோ தூக்கின என்பதும் கணக்கில் வராது. சர்வதேச விதிப்படி நடக்கும் போட்டியில் பார் 20 கிலோ, இரு பக்கக் காலர்கள் தலா இரண்டரை கிலோ. தட்டு ஒன்றுகூட ஏற்றும் முன்பே 25 கிலோ.

அதைவிடக் கறாரானவர்கள் மூன்று நடுவர்கள். மூவரில் இருவராவது வெள்ளை விளக்குப் போட்டால்தான் அந்தத் தூக்கு செல்லும். ஸ்குவாட்டில் இடுப்பு மடியும் இடம் முழங்காலின் மேற்பகுதிக்குக் கீழே போயாக வேண்டும். பாதியில் எழுந்தால் சிவப்பு. பெஞ்ச் பிரஸ்ஸில் பார் மார்பில் அசையாமல் நின்ற பிறகுதான் நடுவர் ‘பிரஸ்’ என்பார். மார்பில் தட்டி எகிற வைத்தே பழகியவர்களுக்கு அந்த ஒரு நொடி யுகம்போல இருக்கும். டெட்லிஃப்டில் ‘டவுன்’ என்று சொல்லும்வரை பிடித்து நின்று, பிறகு கையை விடாமல் இறக்க வேண்டும். வலு இருந்தும் அவசரத்தில் தூக்கைக் கோட்டைவிடுகிற புதியவர்கள் நிறையப் பேர். ஆகவே கடைசி ஒரு மாதமாவது நண்பர் ஒருவரை நிறுத்தி, கட்டளைகளைச் சொல்லச் சொல்லிப் பழகுங்கள். கண்ணாடியைப் பார்க்காமலும் பழகுங்கள். மேடையில் எதிரே கண்ணாடி இருக்காது, கூட்டம்தான் இருக்கும்.

ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு, மொத்தம் ஒன்பது தூக்கு. மூன்றிலும் உங்கள் சிறந்த எடையைக் கூட்டினால் வருவது டோட்டல். ஏதாவது ஒன்றில் மூன்று வாய்ப்பும் தவறினால் டோட்டலே கிடையாது. ஒரு வாய்ப்புக்கு எடையைக் கொடுத்து அது தவறிவிட்டால், அடுத்ததில் குறைத்துக் கேட்கவும் முடியாது. அதனால் முதல் எடையைத் தேர்ந்தெடுப்பதில்தான் புத்தி வேண்டும். எந்த நாளிலும் மூன்று முறை தூக்கக்கூடிய எடையில் தொடங்குங்கள். ஜிம்மில் உங்கள் சிறந்த ஸ்குவாட் 140 என்றால் 125-இல் தொடங்கலாம், அடுத்து 135. மூன்றாவதை வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது எப்படி ஏறியது என்று பார்த்து 140-ஓ 142.5-ஓ கேளுங்கள்.

முதல் போட்டிக்காகப் பட்டினி கிடந்து எடை குறைப்பது வீண் வேலை. இருக்கிற எடையில் இறங்குங்கள். வழக்கமாக எடை பார்ப்பது போட்டி தொடங்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்குள்தான். தண்ணீரைக் குறைத்து வாடியவர் தேறி எழுவதற்குள் ஸ்குவாட்டுக்குப் பெயர் கூப்பிட்டுவிடுவார்கள். வாழைப்பழமும் வழக்கமாகச் சாப்பிடும் உணவும் பையில் இருக்கட்டும். புதிதாக எதையும் அன்றைக்குச் சோதிக்க வேண்டாம். சிங்லெட் (உடலோடு ஒட்டிய ஒற்றை உடுப்பு), பெல்ட், டெட்லிஃப்டுக்கு முழங்கால் வரை வரும் காலுறை ஆகியவற்றை விதிப்படி வாங்கிவிடுங்கள். பெல்ட்டின் அகலம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

ஊக்கமருந்துப் பரிசோதனை உள்ள சங்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜிம் மாஸ்டர் கொடுத்த பொடியில் என்ன இருந்தது என்று தெரியாது என்பது அங்கே சாக்காகாது. உங்கள் உடம்பில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு. இதய நோய், ரத்த அழுத்தம், குடலிறக்கம், பழைய முதுகுக் காயம் இருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே பெயர் கொடுப்பது நல்லது.

பெயர் கொடுத்ததும் பயிற்சியின் சாயலே மாறிவிடும். தேதி குறித்தாகிவிட்டதால் திங்கள்கிழமை ஸ்குவாட்டைத் தள்ளிப்போட மனம் வராது. இரவு ஒரு மணி வரை போன் பார்ப்பதும் குறையும். அலுவலகத்தில் ஒரு புராஜெக்டுக்குத் திட்டம் போடத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. முதல் எட்டு வாரம் வலுவைக் கூட்டுவது, அடுத்த மூன்று வாரம் கனமான ஒற்றைத் தூக்குகள், கடைசி வாரம் ஓய்வு என்று வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வாரமே உங்கள் மாவட்ட வலுதூக்கும் சங்கத்திடமோ ஜிம் மாஸ்டரிடமோ அடுத்த போட்டி எப்போது என்று கேளுங்கள். பன்னிரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பணத்தைக் கட்டிவிடுங்கள். குறைவாக இருந்தால் அந்தப் போட்டிக்குப் பார்வையாளராகப் போய், நடுவர்கள் எதற்குச் சிவப்பு விளக்குப் போடுகிறார்கள் என்று கவனித்துவிட்டு வாருங்கள்.