கழிவுநீர் அடையலைப் பசளையாக இடுதல்

மலகூடக் குழிகளின் அடியிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் தங்கும் கருஞ்சேறு அடையல் எனப்படும். இலங்கையிற் பெரும்பாலான வீடுகளுக்கு நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய் வசதி இன்மையால், பௌசர் வண்டிகள் குழிகளிலிருந்து உறிஞ்சியெடுக்கும் அடையலே கமக்காரர் கண்ணிற் படுவது. பசளை விலை ஏறுங்காலத்தில் அதனைத் தோட்டத்தில் ஊற்றுவித்துக்கொள்ளும் எண்ணம் எழுதல் இயல்பே.

அடையலின் பெரும்பாகம் நீராகும். நீர் நீங்கிய உலர்பொருளில் நைதரசனும் பொசுபரசும் கணிசமாக உள. பொற்றாசியமோ நீரிற் கரைந்து வெளியேறிவிடுவதால் மிகக் குறைவு. எனவே வெங்காயம், மிளகாய், மரவள்ளி முதலியவற்றுக்கு அடையலை மட்டும் நம்புதல் தகாது. சாம்பலோ மியூறியேற்றுப் பொற்றாசோ சேர்த்தல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1926 ஆம் ஆண்டு தொடக்கம் அடையலைச் சூட்டில் உலர்த்திப் பசளையாக விற்று வருகின்றனர். பௌசரிலிருந்து ஊற்றப்படும் பச்சை அடையலை அதனோடு ஒப்பிடுதல் பொருந்தாது.

பச்சை அடையலில் நெருப்புக்காய்ச்சல், வயிற்றுளைவு ஆகியவற்றின் கிருமிகளும் குடற்புழுக்களின் முட்டைகளும் இருத்தல் கூடும். கிருமிகளுட் பல வெயிலிலும் உலர்விலும் சில வாரங்களில் மடியும். வட்டப்புழுவின் முட்டையோ தடித்த ஓட்டினுள் ஈரமண்ணிற் பல மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் கூட, உயிருடன் கிடக்கும். வல்லாரை, சலாது, கரட் போன்று பச்சையாக உண்ணப்படுவன மூலம் அது வயிற்றை அடையும். கொளுக்கிப்புழுவின் குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்தே உட்செல்லும். சந்தையில் வாங்குவோருக்கு முன்னரே, பாத்தியில் நின்று களை பிடுங்குவோரும் அவர்தம் பிள்ளைகளும் இந்நோய்களுக்கு ஆளாவர்.

இதற்குப் பரிகாரம் கூட்டெருவாக்கலாகும். அடையலை முதலில் மணற்படுக்கையிற் பரப்பி நீரை வடியவிடல் வேண்டும். மண்வெட்டியால் அள்ளத்தக்க பதம் வந்தபின், ஒரு பங்கு அடையலுக்கு மூன்று பங்கு வைக்கோல், சருகு, சந்தைக் குப்பை ஆகியவற்றைக் கலந்து, ஏறக்குறைய 4 அடி உயரக் குவியலாக்குக. வைக்கோலின்றி அடையலை மட்டும் குவித்தால் காற்றுப் புகாது நாறுமேயன்றிச் சூடேறாது. குவியலின் உட்புறம் 55 பாகை சதமத்துக்குக் குறையாத சூட்டில் 15 நாள்களேனும் இருத்தலும், அந்நாள்களுள் ஐந்து முறையேனும் புரட்டப்படுதலும் வேண்டும். புரட்டும்போது வெளிப்புறத்தில் இருந்தது உள்ளே செல்லவேண்டும். வெளிப்புறத்து முட்டை சூட்டை அறியாது. நடுவிற் செருகிய இரும்புக் கம்பியைச் சிறிது நேரங் கழித்து இழுத்துக் கையாற் பிடிக்க இயலாதிருப்பின் சூடு ஏறியுளது என்று கொள்ளலாம். திட்டமாக அறிய வெப்பமானியே தேவை. மழைக்குக் கிடுகு வேய்க. பின்னர் இரண்டு, மூன்று மாதம் முதிரவிடுக. சூடேறாத குவியலாயின், எமது வெப்ப நாட்டிலும் ஓராண்டுக்கு மேலாக உலரவைத்தே இடலாம். வேலை செய்வோர் சப்பாத்தும் கையுறையும் அணிந்து, சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் வேண்டும்.

எனினும் சூடு உலோகங்களை நீக்காது. தொழிற்சாலைக் கழிவு கலந்த அடையலிலுள்ள காட்மியம், ஈயம் முதலியன மண்ணிலே தங்கி ஆண்டுதோறும் பெருகும். நெற்செய்கையாளர் காட்மியத்தைக் குறித்துச் சிறப்பாக எச்சரிக்கையாயிருத்தல் நன்று. வயலில் நீர் நிற்கும்வரை அது கந்தகத்தோடு கட்டுண்டு கிடக்கும். கதிர் வந்தபின் நீர் வடிந்து நிலம் உலரின் விடுபட்டுத் தானியத்தில் ஏறும். புளித்த மண்ணில் இது இன்னும் அதிகம். யப்பானின் சின்சு ஆற்று வயல்களிற் சுரங்கக் கழிவின் காட்மியம் நெல்லிற் சேர்ந்து, உண்டோரின் எலும்பை நலிவித்த நோய் 1968 ஆம் ஆண்டில் அரசினால் ஏற்கப்பட்டது. சுவிற்சர்லாந்து 2006 இல் அடையலைக் கமத்துக்கு இடுவதையே நிறுத்தியது. ஆதலால் வீட்டுக் குழி அடையலை மட்டுமே ஏற்றல் வேண்டும். வண்டி எங்கிருந்து வருகிறதென வினவாது வாங்குதல் ஆகாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேறோர் இடருமுண்டு. அங்கு மண் ஆழமற்றது. கீழே வெடிப்புள்ள சுண்ணக்கல். ஊற்றியது விரைவிற் கிணற்றைச் சேரும். அங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று ஏற்கெனவே மிகுந்துளது. ஆகையாற் குவியலின் அடித்தளம் சீமெந்திடப்பட்டதாகவும், கிணற்றுக்குத் தொலைவிலும் இருத்தல் வேண்டும்.

முதிர்ந்த எருவை நெல்வயலில் முதல் உழவோடும், கத்தரி, பூசணி முதலியவற்றுக்குக் குழியிலும் இடலாம். பச்சையாக உண்ணும் இலைக்கறிக்கும் கிழங்குக்கும் இடாதிருத்தலே மேல். வேலையைத் தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் விவசாயப் போதனாசிரியரையும் அணுகிக் குவியலுக்குரிய இடத்தைக் காட்டி அனுமதி பெறுக.