அகதி அளித்த அடைக்கலம்

பிறப்பைக் காட்டி மனிதரை ஒதுக்கும் கொடுமை நமக்குப் புதிதன்று. 1923இல் பெர்லினில் யூதக் குடியிற் பிறந்த இல்சேயையும் அது துரத்திற்று. 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பிக் கிளாஸ்கோ சென்றார். பின் ஷாங்காயில் பெற்றோரை அடைந்தார். ஆங்கு ஜப்பானியர் யூத அகதிகளை ஹாங்கியூ பகுதியில் அடைத்தனர். போர் முடியுந் தறுவாயில் தந்தை மாண்டார்.

1979இல் இலங்கையில் துவராடை ஏற்று ‘அய்யா கேமா’ எனும் துறவியானார். பரப்புடுவத் தீவில் பெண்டிர்க்குத் தவப்பள்ளி கண்டார். பின்னர், தம்மைத் துரத்திய ஜெர்மனிக்கே திரும்பி, 1989இல் புத்த இல்லம் நிறுவி, 1997இல் மறையும்வரை மைத்திரி தியானம் பயிற்றினார்.

கொடுமையை அவர் மறைக்கவில்லை. தம் வரலாற்றில் எழுதினார். பகையை மட்டும் சுமந்திலர்.

நம்மை ஊருக்குப் புறத்தே நிறுத்தியோரின் மக்கள் நாளை நம் விகாரைக்கு வந்தால், பாய் விரிப்போமா? வந்தனைக்குப்பின் ஒவ்வொருவரும் எண்ணுக.