சளி பச்சையா வந்தா பதறாதே

நேத்து ராத்திரி போன்ல உன் குரலைக் கேட்டதுமே தெரிஞ்சுது, மூக்கடைப்பு. "அக்கா, சளி பச்சையா வருது, போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக்கைப் போட்டுக்கட்டுமா"ன்னு கேட்டே பாரு, அதுக்குத்தான் இவ்வளவும் எழுதறேன்.

வேண்டாம்டி. பச்சையானா சளி முத்திடுச்சுன்னு பாட்டி காலத்துலேருந்து சொல்றோம். கிருமியோட மோத வர்ற வெள்ளணுக்கள்ல இருக்கிற ஒரு பொருளுக்கே அந்த நிறம். ஜலதோஷம் வைரஸால வர்றது. ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது, வயித்தைத்தான் கலக்கும்.

முதல்ல தொண்டை கரகரக்கும், அப்புறம் மூக்கு ஒழுகும், ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போகும். நாம மெடிக்கல் ஷாப்புக்கு ஓடறதும் சரியா அன்னிக்குத்தான். நாலாம் நாள் தானா குறையறப்போ பேர் மாத்திரைக்குப் போயிடும்! பத்து நாளுக்குள்ள மத்ததெல்லாம் அடங்கிடும், இருமல் மட்டும் இழுக்கும். அது ரெண்டு வாரம் தாண்டினா அரசு ஆஸ்பத்திரியில சளிப் பரிசோதனை பண்ணிடு, காசநோய் இல்லைன்னு தெரிஞ்சுக்கலாம். காசு கிடையாது.

காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்தா பாராசிட்டமால் 650 ஒண்ணு போதும். அடுத்தது ஆறு மணி நேரம் கழிச்சு. ஆனா ஜலதோஷ மாத்திரை அட்டையைத் திருப்பிப் படி, அதுலயும் பெரும்பாலும் பாராசிட்டமால் இருக்கும். ரெண்டையும் சேர்த்துப் போட்டா கல்லீரலுக்கு ஆபத்து. மூக்கடைப்பைத் திறக்கிற சொட்டு மருந்து மூணு நாளைக்கு மேல வேண்டாம், விட்டதும் முன்னைவிட மோசமா அடைச்சுக்கும். வெறும் உப்புத்தண்ணி சொட்டு மருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு டம்ளர் வெந்நீர்ல அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளி. மிளகு ரசம் தாராளமா குடி. வைரஸைக் கொல்லாது, தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தண்ணியும் சேரும். "தலைக்குக் குளிச்சே, அதான்"னு உன் மாமியார் சொன்னா, தலையாட்டிட்டுப் போயிடு.

பாப்பாவுக்கு ரெண்டு வயசுதான். அவளை ஆவி பிடிக்க உட்கார வைக்காதே. என் பையனுக்கு நாலு வயசுல போர்வையைப் போர்த்தி உட்கார வச்சேன். கால் உதைச்சதுல குண்டான் சரிஞ்சுது. தொடையில தழும்பு இன்னும் இருக்கு, ட்ரவுசர் போடறப்போல்லாம் எனக்குத்தான் உறுத்தும். எண்ணெயில கற்பூரம் காய்ச்சி மார்புல தடவறதும் வேண்டாம், குழந்தைங்களுக்குக் கற்பூரம் உள்ளே போனா வலிப்பு வரும். இருமல் சிரப்பும் கூடாது. 2025ல மத்தியப் பிரதேசத்துல சிரப் குடிச்ச குழந்தைங்க இறந்துபோனது ஞாபகம் இருக்கா? அதுல டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. நல்ல சிரப்பா இருந்தாலும் இந்த வயசுல பெரிய பலன் கிடையாது. படுக்கறதுக்கு முன்னாடி அரை ஸ்பூன் தேன் குடு. ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத்தான் தேன் ஆகாது.

மழைக்காலம் வேற. மூக்கே ஒழுகாம காய்ச்சல் மட்டும் அனலா அடிச்சு, கண்ணுக்குப் பின்னால வலிச்சா அது டெங்குவா இருக்கலாம். புரூஃபென் தொடாதே, ரத்தப் பரிசோதனைக்குப் போ. மூணு நாள் தாண்டியும் காய்ச்சல் விடலைன்னாலும், குறைஞ்சு திரும்ப ஏறினாலும் டாக்டரைப் பாரு.

பாப்பா தூங்கறப்போ சட்டையைத் தூக்கிட்டு ஒரு நிமிஷம் மூச்சை எண்ணு. அவ வயசுக்கு நாப்பதோ அதுக்கு மேலயோ போனாலோ, மூச்சு இழுக்கறப்போ விலாவுக்குக் கீழ குழி விழுந்தாலோ, பால்கூடக் குடிக்காம துவண்டு கிடந்தாலோ விடியட்டும்னு காத்திருக்காதே. எந்நேரமா இருந்தாலும் ஆட்டோ பிடி, வழியில எனக்குப் போன் பண்ணு. அழறப்போ எண்ணாதே, கணக்கு தப்பாயிடும்.