சிப்பிப்பாறைக்கு மோப்பம் வருமா?

இந்த மாதக் கேள்விகள் எல்லாம் தாமிரபரணிக் கரையிலிருந்தும் தூத்துக்குடி கடலோரத்திலிருந்தும் வந்தவை. எல்லாமே நாயின் மூக்கைப் பற்றியவை.

கேள்வி: எங்கள் வீட்டுச் சிப்பிப்பாறைக்கு இரண்டு வயது. கட்டிப் போட்டால் தெருவே கேட்க ஊளையிடுகிறான். அவிழ்த்துவிட்டால் வடகால் கரை வரை ஓட்டம். வெளிநாட்டில் வீட்டு நாய்களுக்கு மோப்பப் பயிற்சியை விளையாட்டாகவே நடத்துகிறார்களாமே? அது லாப்ரடார், அல்சேஷனுக்குத்தானே சரிப்படும்? கண்ணால் பார்த்து முயல் விரட்டுகிற ஜாதிக்கு மோப்பம் வருமா?
— ஒரு வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: வரும். அதற்கு இந்திய ராணுவமே சாட்சி. கொரோனா காலத்தில், வியர்வை, சிறுநீர் மாதிரிகளை மோந்து தொற்றைக் கண்டுபிடிக்க ராணுவக் கால்நடைப் படையின் மீரட் மையம் நாய்களைப் பழக்கியது. 2021 பிப்ரவரியில் இந்த முயற்சி டெல்லியில் செய்தியாளர்களுக்குக் காட்டப்பட்டபோது வெளியே தெரிந்த பெயர்கள் மூன்று: காஸ்பர், ஜெயா, மணி. காஸ்பர் காக்கர் ஸ்பானியல். மற்ற இரண்டும் அசல் சிப்பிப்பாறை.

கண்ணை நம்பி வேட்டையாடும் நாய் என்பதால் அதற்கு மூக்கு மந்தம் என்று ஆகிவிடாது. மனிதருக்கு மணம் உணரும் செல்கள் சுமார் 50 முதல் 60 லட்சம்; நாய்க்கு 20 கோடிக்கும் மேல். நாய் மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து தடவை போல மூச்சை இழுக்கிறது. இழுத்த காற்றில் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகாமல் மூக்கின் பின்னறைக்குத் தனியாகப் பிரிந்து போகிறது. வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியே போய்விடும். மண் தரையில் மோக்கும் நாயைக் குனிந்து பார்த்தால் மூக்கின் இருபுறமும் புழுதி சின்னதாகக் கிளம்புவது தெரியும். முன்னால் இருக்கும் வாசனையைத் தன் மூச்சே கலைத்துவிடாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு.

இதை விளையாட்டாக்கியவர்கள் கலிபோர்னியாவைச் சேர்ந்த ரான் காண்ட், ஏமி ஹெரோட், ஜில் மேரி ஓ'பிரையன் என்ற மூவர். வெடிமருந்து, போதைப் பொருள் தேடும் நாய்களுக்குத் தரும் பயிற்சியை வீட்டு நாய்க்கு ஏற்றபடி எளிதாக்கி, 2009-இல் அதற்கென ஒரு சங்கமும் தொடங்கினார்கள். அமெரிக்கன் கென்னல் கிளப் 2017-இல் தன் போட்டிகளில் இதைச் சேர்த்தது.

ஊளைக்கு வருவோம். 2019-இல் ஷார்லட் டுரான்டன், அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 20 வீட்டு நாய்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு ஆடியது. மற்றது உரிமையாளரின் காலோடு ஒட்டி நடக்கப் பழகியது. உணவு இருக்குமா இருக்காதா என்று சந்தேகமான இடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்துப் பார்த்தபோது, மோப்ப விளையாட்டு ஆடிய நாய்கள் முன்னைவிட வேகமாக அதை நோக்கிப் போயின. 'இருக்கும்' என்ற நம்பிக்கை அவற்றுக்குக் கூடியிருந்தது. காலோடு நடந்த நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. தானாக முடிவெடுக்கவும் மூக்கைப் பயன்படுத்தவும் நாய்க்கு இடம் கிடைத்ததே காரணம் என்பது அவர்கள் கருத்து. நாள் முழுக்கத் தூணில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு இல்லாதது இதுதான். ஆனால் சிப்பிப்பாறைக்கு ஓட்டமும் வேண்டும். மோப்பம் ஓட்டத்துக்குத் துணைதானே தவிர, ஓட்டத்தை நிறுத்திவிடக் கூடாது.

கேள்வி: எப்படித் தொடங்குவது? சாமான் ஏதாவது வாங்க வேண்டுமா?
— ஒரு வாசகி, ஏரல்

பதில்: கடைக்குப் போக வேண்டியதில்லை. மளிகை வந்த அட்டைப் பெட்டி நான்கைந்து போதும். பனை ஓலைக் கொட்டானும் ஆகும். ஆனால் கருப்பட்டியோ கருவாடோ வைத்திருந்த கொட்டான் வேண்டாம்.

வேகவைத்த கோழியைச் சுண்டுவிரல் நகத்தளவு துண்டுகளாக்கிக் கொள்ளலாம். உப்பிடாமல் அவித்து முள் எடுத்த மீனும் நல்லது. கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டாம்.

முதல் நாள் தார்சாவில் பெட்டிகளைத் திறந்தபடியே பரப்பி, ஒன்றில் மட்டும் இரண்டு துண்டு போட வேண்டும். பிறகு நாயை அவிழ்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். 'தேடு, தேடு' என்று விரட்டத் தேவையில்லை. நாய் தானே பெட்டிக்குள் தலையை விட்டுத் தின்னும். தின்றுகொண்டிருக்கும்போதே அதே பெட்டியில் இன்னும் ஒரு துண்டு போட்டால், 'கண்டுபிடித்த இடத்தில்தான் பரிசு' என்பது அதற்குப் பதிந்துவிடும். நான்கு சுற்று ஆடி, நாய்க்கு ஆசை இருக்கும்போதே நிறுத்துவது நல்லது. மொத்தம் 10 நிமிடம்.

தீனி வைத்த பெட்டிக்கு ஒரு குறி போட்டு, எப்போதும் அதிலேயே வைக்க வேண்டும். இன்று ஒன்று, நாளை வேறொன்று என்று மாற்றினால் எல்லாப் பெட்டியும் கோழி மணக்கும். காலிப் பெட்டியை நாய் காட்டினால் அதைக் குறை சொல்ல முடியாது. ஒரு வாரம் போனால் பெட்டிகளை நாற்காலிக்கு அடியிலும் கதவுக்குப் பின்னும் வைக்கலாம். அடுத்து மூடியைப் பாதி சாத்தலாம்.

இந்தக் கட்டத்தில் நாயின் உடம்பைக் கவனிக்க வேண்டும். வேகமாக ஓடிக்கொண்டிருந்தது ஒரு பெட்டியைத் தாண்டியதும் சட்டென்று தலையைத் திருப்பும். கால்கள் முன்னே போய்விட்டாலும் மூக்கு பின்னாலேயே நிற்கும். வாலாட்டம் மாறும். வாய் மூடிக்கொள்ளும், மூச்சுச் சத்தம் கூடும். அந்த நொடியைப் பிடிக்கத் தெரிந்துவிட்டால் பாதி விளையாட்டு கைவந்த மாதிரி.

கேள்வி: பக்கத்தில் போயும் கண்டுபிடிக்காமல் திரும்பினால் கையால் காட்டலாமா?
— அதே வாசகி

பதில்: கூடாது. நாய் மூக்கை விட்டுவிட்டு மனிதர் முகத்தைப் படிக்கத் தொடங்கிவிடும். தொழில்முறை மோப்ப நாய்களே இதில் தப்பவில்லை. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் 2011-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 18 மோப்ப நாய்களும் அவற்றின் கையாளர்களும் ஒரு தேவாலயத்தின் அறைகளில் தேடினார்கள். தேடும் பொருள் எந்த அறையிலும் இல்லை. ஆனால் இருப்பதாகக் கையாளர்களிடம் சொல்லி, சில இடங்களில் சிவப்புக் காகிதத்தை அடையாளமாகவும் ஒட்டியிருந்தார்கள். 144 தேடல்களில் 'இங்கே இருக்கிறது' என்று 225 முறை தவறாகத் தகவல் வந்தது. சிவப்புக் காகிதம் இருந்த இடங்களில்தான் அதிகம். ஒன்று, கையாளர் எதிர்பார்ப்பை நாய் உணர்ந்திருக்க வேண்டும். அல்லது நாய் காட்டாததையும் காட்டியதாகக் கையாளர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டில் நாய் திணறினால், பெட்டியைக் கொஞ்சம் எளிதான இடத்துக்கு மாற்றி மறுபடி ஆடலாம். காட்டிக் கொடுப்பது மட்டும் வேண்டாம்.

கேள்வி: போட்டிகளில் தீனிக்குப் பதில் ஏதோ வாசனை எண்ணெய் வைக்கிறார்களாமே? இங்கே எதை வைக்கலாம்?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: அமெரிக்கன் கென்னல் கிளப் போட்டிகளில் நான்கு எண்ணெய்கள்: பிர்ச் மரம், அனீஸ், கிராம்பு, சைப்ரஸ். இவற்றில் கிராம்பு எண்ணெய் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும்.

காது குடையும் பஞ்சுக் குச்சியின் நுனியில் ஒரு சொட்டுக்கும் குறைவாகத் தொட்டால் போதும். குச்சியைத் துண்டாக்கி, மூடியில் ஓட்டை போட்ட சின்னத் தகர டப்பாவில் அடைத்துப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். தொடக்கத்தில் டப்பா பக்கத்திலேயே தீனியும் இருக்கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் கிராம்பு மணத்தைக் கண்டாலே தீனி கிடைக்கும் என்று நாய்க்குப் புரிந்துவிடும். அதன் பிறகு டப்பாவை மட்டும் வைத்து, நாய் கண்டுபிடித்ததும் தீனியை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

கிராம்பு எண்ணெய் நேரடியாகப் பட்டால் நாயின் நாக்கும் மூக்கும் எரியும். நக்க முடியாதபடி டப்பா இறுக்கமாக இருக்க வேண்டும். குச்சியைக் கையுறையோ இடுக்கியோ இல்லாமல் தொட்டால் அந்தக் கை தொட்ட கதவு, நாற்காலி எல்லாம் மணக்கும். சமையலறையில் இந்த ஆட்டம் வேண்டவே வேண்டாம். அஞ்சறைப் பெட்டியைக் காட்டிவிட்டு நாய் பரிசு கேட்டால், கேட்டது நியாயம்தான்.

கற்பூரமும் அந்துருண்டையும் நாய்க்கு நஞ்சு. டீ ட்ரீ எண்ணெயும் அப்படியே. மணம் தூக்கலாக இருக்கிறதே என்று இவற்றை எடுத்துவிடக் கூடாது.

கேள்வி: வாழைத் தோட்டத்திலும் ஆற்றங்கரையிலும் பழக்கலாமா?
— ஒரு வாசகர், ஆழ்வார்திருநகரி

பதில்: பழக்கலாம். வீட்டைவிட வெளியில்தான் ருசி அதிகம், ஏனென்றால் அங்கே காற்றும் சேர்ந்து விளையாடும். ஆடியில் மேற்கேயிருந்து கச்சான் வீசும் நாளில் ஒரு வாழை மூட்டில் டப்பாவை வைத்தால், மணம் கிழக்கே விரிந்துகொண்டே போகும். மேற்கே நிறுத்திய நாய்க்கு ஒன்றும் எட்டாது. கிழக்கே நிறுத்தினால் குறுக்கும் நெடுக்குமாக மோந்து, மணத்தின் ஓரங்களைத் தொட்டுத் தொட்டு உள்ளே வரும். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாவிட்டால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் புகையைப் பார்த்துக்கொள்ளலாம்.

நேரம் முக்கியம். வெயில் ஏறினால் நாய் வாயைத் திறந்து இரைக்கத் தொடங்கும். இரைக்கும் நாயால் ஒழுங்காக மோக்க முடியாது. சித்திரை, வைகாசியில் விடியற்கருக்கலோடு முடித்துவிடுவது உத்தமம். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இது இரட்டிப்புக் கவனம்.

வாழைக்கு இடும் குருணை மருந்துதான் பெரிய ஆபத்து. கார்போபியூரான் வகைக் குருணை கொஞ்சம் வாயில் பட்டாலே நாய் வாயில் நுரை தள்ளித் துடித்துவிடும். எப்போது மருந்து வைத்தார்கள் என்று தோட்டக்காரரைக் கேட்காமல் உள்ளே விடக் கூடாது. எலி மருந்து வைத்த வரப்பும் அப்படித்தான். தேங்கிய மழைநீர் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டுத் தடுப்பூசியில் ரேபிஸோடு எலிக்காய்ச்சலுக்கும் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. உண்ணி பரப்பும் எர்லிச்சியா காய்ச்சலில் மூக்கில் ரத்தம் வருவதுண்டு. அப்படி வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பக்கத்தில் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சிப்பிப்பாறையை வெளியில் கயிறில்லாமல் விடக் கூடாது. பத்து மீட்டர் நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்ட வேண்டும். பாய்ந்து ஓடும் நாய்க்குக் கழுத்து பத்திரமாக இருக்கும். வல்லநாட்டுப் பக்கம் வசிப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே 1987 முதல் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. நாயை ஏவிக் காட்டு விலங்கை விரட்டினாலே 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டைதான். பிடித்தால்தான் குற்றம் என்பதில்லை.

கேள்வி: எங்கள் வெள்ளை ராஜபாளையத்துக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வயதும் ஒன்பது. ஆடுவாளா?
— ஒரு வாசகி, செய்துங்கநல்லூர்

பதில்: தாராளமாக ஆடுவாள். ராஜபாளையம் இனத்தில் பிறவிச் செவிடு அவ்வப்போது காணப்படும் குறைதான். இந்த விளையாட்டில் நாய் கேட்டு நடக்க வேண்டிய கட்டளை ஏதுமில்லை. கண் மங்கிய நாய், ஒரு கால் இழந்த நாய், மற்ற நாய்களைக் கண்டால் பயப்படும் நாய் எல்லாமே இதில் சேரலாம். போட்டிகளிலும் ஒரு நேரத்தில் ஒரு நாய்தான் களத்தில் இருக்கும். ஒன்பது வயது என்பதால் பெட்டிகளை உயரத்தில் வைக்காமல் தரையிலேயே வைப்பது நல்லது.

கேள்வி: நன்றாகப் பழக்கினால் போலீஸ் நாய் மாதிரி ஆகிவிடுமா? வீட்டிலேயே போட்டி வைக்க முடியுமா?
— ஒரு மாணவர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: முதல் கேள்விக்குப் பதில், ஆகாது. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்க இடிபாடுகளுக்குள் ஆறு வயதுச் சிறுமி இருக்கும் இடத்தைக் காட்டிய தேசியப் பேரிடர் மீட்புப் படையின் ஜூலி, பல மாதப் பயிற்சியில் வார்க்கப்பட்ட நாய். புலித்தோல், தந்தம் தேடுவதற்காக, வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராபிக் அமைப்பு 2008 முதல் பழக்கிவரும் நாய்களும் அப்படித்தான். வீட்டு நாய் கிராம்பைக் கண்டுபிடித்துவிட்டது என்பதற்காக அதைக் கொண்டு யாருடைய பையையும் சோதிக்கக் கிளம்பிவிடக் கூடாது.

போட்டி வைப்பது எளிது. அமெரிக்காவில் புதிய நாய்க்கு நடத்தும் முதல் தேர்வில் ஒரே மாதிரி 12 பெட்டிகள் இருக்கும்; ஒன்றில்தான் மணம். நேரம் மூன்று நிமிடம். நாய் நிற்கும் பெட்டியைக் காட்டி, கூட வருபவர் 'அலர்ட்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தவறான பெட்டியைச் சொன்னால் தேர்ச்சி இல்லை. இதையே தெருவில் உள்ள நாலைந்து வீட்டு நாய்களோடு ஆடலாம். பெட்டியை ஒளித்து வைப்பவர் ஒருவர், நாயைக் கூட்டி வருபவர் வேறொருவர் என்று இருக்க வேண்டும். ஒளித்து வைத்தவர் களத்தைவிட்டு வெளியே போய்விட வேண்டும். அல்லது நாய்க்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஒரு நாய் முடித்ததும் எச்சில் பட்ட பெட்டிகளை மாற்றிவிட்டு, அடுத்த நாய்க்கு ஐந்து நிமிடம் கழித்துத் தொடங்கலாம்.