"சிவப்பு எங்கேம்மா இருக்கு?"

லீவு நாள். பையன் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறான். 'எதிரி டீமுக்குச் சிவப்பு, நம்ம டீமுக்குப் பச்சை' என்று அண்ணன் பத்துத் தடவை சொல்லியாகிவிட்டது. ஆனாலும் தன் ஆளையே துரத்துகிறான். நிழலில் நிற்கிற சிவப்புக் குறி அவன் கண்ணிலேயே படவில்லை. "கவனமே இல்லைடா உனக்கு!" என்று திட்டு விழுகிறது.

கொஞ்சம் பொறுங்கள். கோளாறு கவனத்தில்தானா?

முதலில் விளையாட்டின் செட்டிங்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். பிரைட்னஸைக் கூட்டினால் இருட்டுப் பகுதி வெளுத்துத் தெரியும். 'மைன்கிராஃப்ட்' குகைகளுக்கு இதுவே போதும். வழக்கமாக ஆடும் அறை வெளிச்சத்திலேயே இதைச் சரிசெய்ய வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு அல்ல. பல விளையாட்டுகளில் நிழலுக்கென்று தனி செட்டிங் உண்டு. அதைக் குறைத்தால் மரத்தடி, சுவரோரக் கருமை குறையும். பழைய கம்ப்யூட்டர் திணறுவதும் குறையும். படத்தின் அழகு கொஞ்சம் போகும், போகட்டுமே!

இத்தனைக்குப் பிறகும் இருட்டு இடம் தெரியவில்லை என்கிறானா? சாயங்காலம் தெருவிலும் தடுமாறுகிறானா? அப்படியானால் செட்டிங்ஸை விட்டுவிடுங்கள். மாலைக்கண்ணாக இருக்கலாம். வைட்டமின் 'ஏ' குறைந்தாலும் வரும், விழித்திரை நோயாலும் வரும். தள்ளிப்போடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

இருட்டில் சிரமமில்லை, நிறத்தில்தான் குழப்பம் என்றால் கதை வேறு. நம் விழித்திரையில் நிறம் பார்க்க மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. சிவப்பு அல்லது பச்சைக்கான வகை சரியாக வேலை செய்யாவிட்டால் அந்த இரண்டு நிறமும் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும். சிவப்புக் கூம்பு இல்லாதவர்களுக்குச் சிவப்பு மங்கிக் கறுப்பாகவே தெரியும். நிழலுக்குள் சிவப்புக் குறி மறைந்துபோகிற மர்மம் இதுதான்! 'வாழைக்காயா, பழமா'ன்னு தொட்டுப் பார்த்துச் சொல்கிற பிள்ளையையும் கவனியுங்கள்.

'ஃபோர்ட்நைட்' போன்ற விளையாட்டுகளில் இவர்களுக்காகவே நிறத்தை மாற்றும் வசதி இருக்கிறது. புரோட்டனோப் என்றால் சிவப்பில் குறை, டியூட்டரனோப் என்றால் பச்சையில், டிரைட்டனோப் என்றால் நீலத்தில். ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கட்டும். எதில் எதிரி 'பளிச்'சென்று தெரிகிறானோ அதுவே அவனுக்கு. இதனால் கண் குணமாகிவிடாது. அவன் பிரித்துப் பார்க்கக்கூடிய நிறங்களுக்குக் குறிகள் மாறுகின்றன, அவ்வளவுதான். ஆனால் அதைப் போட்டதும் பையன் நன்றாக ஆட ஆரம்பித்தால் அது உங்களுக்கு ஒரு துப்பு.

துப்புதான், தீர்ப்பு அல்ல. கண் டாக்டரிடம் இஷிஹாரா புத்தகம் இருக்கும். ஜப்பானிய டாக்டர் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட பரிசோதனை. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். வலி இல்லை, ஊசி இல்லை, சில நிமிஷ வேலை.

"எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே" என்று அப்பா சொல்வார். பிறவியில் வரும் சிவப்பு-பச்சைக் குறை மகனுக்கு அம்மா வழியாகத்தான் வருகிறது. அம்மாவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. தாத்தாவையும் தாய்மாமனையும் விசாரித்துப் பாருங்கள்! இதற்காக அம்மாவைக் குறை சொல்கிற வீடுகளும் உண்டு. அது அநியாயம். மரபணு யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

சீக்கிரம் தெரிந்துகொள்வது எதற்கு? ரயில் ஓட்டுநர், விமான பைலட் வேலைகளுக்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு. பிளஸ் டூ முடித்தபின் தெரிந்தால் பையன் நொறுங்கிப்போவான். டிரைவிங் லைசென்ஸுக்கு, லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்களுக்கு 2020-ல் விதி தளர்த்தப்பட்டுவிட்டது.

பள்ளி டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மேப்பில் காட்டைப் பழுப்பாகத் தீட்டினால் மார்க்கைக் குறைத்துவிடப் போகிறார். கலர் பென்சில் ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.