கூடத்திற்கு ஓர் அலமாரி

நம் வீடுகளில் கூடம் என்பது பல காரியங்களுக்கு உரிய இடம். விருந்தினர் அமர்வதும், தம்பி தங்கையர் வீட்டுப்பாடம் எழுதுவதும், மாலையில் தொலைக்காட்சி பார்ப்பதும், இரவில் பாய் விரிப்பதும் அங்கேதான். ஆகவே அங்கே வைக்கும் மரச்சாமான் அழகாக இருந்தால் மட்டும் போதாது, உழைக்கவும் வேண்டும். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டில் அத்தகைய அலமாரி ஒன்று செய்யப்பட்டது. அதைச் செய்த ஆசாரித் தாத்தாவிடம் கேட்டறிந்தவற்றையும், நாம் படிக்கும் கணிதமும் அறிவியலும் அவ்வேலையில் எவ்வாறு பயன்பட்டன என்பதையும் தோழியருக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முன்பு எங்கள் கூடத்தில் இருந்த அலமாரி ஒரு கடையில் தவணைக்கு வாங்கியது. பார்வைக்குத் தேக்குப் போலவே இருக்கும். உண்மையில் அது மரத்துகளைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. மேலே மரக்கோடுகள் அச்சிட்ட மெல்லிய தாள். ஐப்பசி மழையில் சுவரோரம் நீர் கசிந்ததும் அடிப்பலகை ரொட்டி போல உப்பி, திருகாணிகள் கையோடு வந்துவிட்டன. அப்போது இன்னும் ஐந்து தவணை பாக்கி இருந்தது. தவணை கட்டி வரும் நாளில் அப்பா அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டார்.

அதே ஆண்டில் மேச்சேரிக்கு அருகில் இருந்த அம்மாயியின் ஓட்டு வீட்டைப் பிரிக்க வேண்டியதாயிற்று. விட்டம், கைமரங்கள், கதவுகள் எல்லாவற்றையும் பழைய மரம் வாங்குபவர் ஒருவர் விறகு விலைக்குக் கேட்டார். இன்னொரு தவணை வேண்டாம் என்று அம்மா உறுதியாகச் சொன்னார். அம்மாயியோ, “கதவ மட்டும் எரிக்கக் குடுத்துராதீங்க” என்றார். மரங்கள் டெம்போவில் ஏறி மேட்டூர் வந்து சேர்ந்தன.

வந்த மரத்தில் மூன்று வகை இருந்தன. கதவுகள் தேக்கு, விட்டம் வேம்பு, கைமரங்கள் பனை. இங்கே நம் தமிழ்ப் பாடம் நினைவுக்கு வருகிறது. தொல்காப்பிய மரபியல், உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், வெளியே வைரம் உடையவற்றைப் புல் என்றும் பிரிக்கிறது. அக்கணக்கில் பனை ஒரு புல்! பனையை அறுத்துப் பார்த்தால் ஓரம் இரும்பு போலவும் நடு சோறு போலவும் இருக்கும். தாவரவியலும் பனையை ஒருவித்திலைத் தாவரங்களோடு, அதாவது புற்களின் கூட்டத்தோடுதான் சேர்க்கிறது. அதற்கு ஆண்டு வளையமும் கிடையாது. ஆகவே பனஞ்சட்டங்களை அலமாரிக்கு எடுக்காமல் மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பிவிட்டோம். வேம்பிலும் தேக்கிலும் வைரம் நடுவில். சுற்றியுள்ள வெளுத்த பாகத்தை வெளிறு என்பர். கறையானும் வண்டும் முதலில் தின்பது வெளிற்றைத்தான். “தேக்கு என்றால் அரிக்காது” என்பது வைரத்திற்கே பொருந்தும். தேக்கு வைரத்தில் உள்ள எண்ணெய்ப் பசையும் சில இயற்கை வேதிப்பொருள்களும் அதைக் காக்கின்றன.

தேக்கின் பெருமை உலகறிந்தது. ‘டீக்’ என்ற ஆங்கிலச் சொல்லே தென்னாட்டுத் ‘தேக்கு’ போர்த்துக்கீசியர் வாய்வழியே சென்றதுதான். கப்பல் கட்ட வெட்டி வெட்டிக் காடு குறைந்ததால், 1840களில் மலபார் கலெக்டர் கொனோலியும் அவரது அலுவலர் சாத்து மேனனும் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வளர்த்தனர். அதன் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது.

பழைய மரத்தில் இழைப்புளி வைக்குமுன் ஆணி தேட வேண்டும். ஒரே ஓர் ஆணி போதும், இழைப்புளியின் வாய் போய்விடும். பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, பலகை மேல் மெல்ல நகர்த்தினேன். காந்தம் இழுத்த இடங்களில் சுண்ணக்கட்டியால் குறியிட்டேன். ஆணியைச் சுற்றி மரம் கருநீலமாக மாறியிருந்தது. மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் கூடினால் இந்நிறம் உண்டாகும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து முன்னாளில் மை செய்ததும் இதே வேதியியல்தான்.

விட்டத்தை மர அறுவை மில்லில் பலகையாக அறுத்தோம். மரத்தைக் கன அடியில் அளப்பர். நீளத்தை அடியிலும், அகலத்தையும் தடிப்பையும் அங்குலத்திலும் எடுத்துப் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். 6 அடி நீளம், 8 அங்குல அகலம், 1½ அங்குலத் தடிப்புள்ள பலகை சரியாக அரைக் கன அடி. உருண்டை மரத்திற்கு வேறு கணக்கு: சுற்றளவில் கால்பங்கை எடுத்து, அதன் வர்க்கத்தை நீளத்தால் பெருக்குவர். 4 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள மரம் இம்முறையில் 10 கன அடி. நாம் படித்த உருளையின் கன அளவுச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 12.7 வரும். அறுக்கும்போது கழியும் புறணியும் தூளும் இந்த வித்தியாசத்தில் அடங்கிவிடுகின்றன என்றார் தாத்தா.

அலமாரியின் அளவு இது: நீளம் 6 அடி, உயரம் 2½ அடி, ஆழம் 16 அங்குலம். மூன்று அறைகள். இடப்பக்கம் நூல்கள், நடுவில் இழுப்பறைகள், வலப்பக்கம் கதவு வைத்த அறை. மேலே தொலைக்காட்சி. ஏன் மூன்று அறைகள்? பலகையைத் தாங்கும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் கூடினால், ஒரே விதமான பாரத்திற்குப் பலகை தொய்வது அத்தூரத்தின் நான்காம் அடுக்குப்படி கூடும். கடையில் வாங்கிய அலமாரியில் தாங்கலின்றி மூன்றடிப் பலகை இருந்தது, இதில் இரண்டடி. ஒன்றரையின் நான்காம் அடுக்கு ஐந்துக்குச் சற்று மேல். அதாவது அதே தடிப்பும் அதே மரமும் ஆனாலும் பழையது ஐந்து மடங்கு தொய்ந்திருக்கும். தடிப்பை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இனி, இவ்வேலையின் உயிர்நிலையான செய்திக்கு வருகிறேன். அறுபது ஆண்டு காய்ந்த மரம் இனி அசையாது என்றே எங்கள் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். தாத்தா சிரித்தார். “ஐப்பசியில இறுகும், பங்குனியில கழலும். அதுக்கு எடம் வுட்டுத்தான் செய்யோணும், கண்ணு” என்றார். மரம் எத்தனை பழையதானாலும் காற்றின் ஈரத்தை ஏற்றும் இறக்கியும் கொண்டே இருக்கும். நீளவாக்கில் மாற்றம் அற்பம், அகலவாக்கில்தான் எல்லாம். தேக்கில் ஈரம் நூற்றுக்கு 1 கூடினால், வளையத்தின் போக்கில் அறுத்த பலகையின் அகலம் ஏறக்குறைய நூற்றுக்கு 0.2 கூடும். சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே ஈரம் நூற்றுக்கு 5 மாறுவதாகக் கொள்வோம். 16 அங்குல மேற்பலகை, அதாவது சுமார் 40 செ.மீ., 4 மி.மீ. விரியும். அதை நான்கு பக்கமும் ஆணியடித்துப் பிடித்தால் விரிய இடமின்றி வளையும், சுருங்கும்போது வெடிக்கும். ஆகவே மேற்பலகையைச் சட்டத்தோடு ஆணியால் இறுக்காமல், அடியில் சிறு மரக்கட்டைகளால் கவ்வ வைத்தார். கதவிலும் அப்படியே. நான்கு சட்டங்களில் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசையில்லாமல் அக்காடிக்குள் நுழைத்தார். பழைய வீட்டுக் கதவுகளெல்லாம் சட்டமும் நடுப்பலகையுமாக இருப்பது அலங்காரத்திற்கு என்றே எண்ணியிருந்தேன். அது மரம் அசைவதற்குக் கொடுத்த இடம்.

சட்டங்களை மூலையில் சேர்ப்பது கழுந்தும் துளையும். கழுந்தின் தடிப்பு சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் இரு பக்கமும் பலம் சரியாக நிற்கும். முன்பு வச்சிரப் பசையைக் காய்ச்சி ஊற்றுவார்களாம். இப்போது டப்பியில் வரும் வெள்ளைப் பசை. புனித சூசையப்பர் தச்சர் என்பதை மறைக்கல்வியில் எல்லாரும் படித்திருக்கிறோம். கொட்டாப்புளி எது, மூலைமட்டம் எது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் எடுத்துக் காட்டுவோம்? பக்கத்து வீட்டு அத்தை, “பொம்பளப் புள்ளைக்கு உளி எதுக்கு?” என்றார். தாத்தா பதில் சொல்லாமல் அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

சட்டத்தைக் கூட்டியதும் அது சரியான செவ்வகமா என்று பார்க்கும் பொறுப்பு எனக்கு. 6 அடிக்கும் 2½ அடிக்கும் பித்தாகரஸ் தேற்றப்படி 36 உடன் 6.25 கூட்ட 42.25; அதன் வர்க்கமூலம் 6.5. மூலைவிட்டம் மிகச் சரியாக ஆறரை அடி வரவேண்டும். ஒரு மூலைவிட்டம் ஆறரைக்குச் சற்றுக் கூடுதலாகவும், மற்றொன்று சற்றுக் குறைவாகவும் இருந்தது. நீளமான மூலைகளைக் கயிறு கட்டி இறுக்கினார், இரண்டும் சமமாயின. தாத்தாவுக்கு வர்க்கமூலம் தெரியாது. இரு குறுக்கும் ஒத்தால் போதும் என்பது அவர் வழி. அதுவே விரைவான வழியும்கூட.

முதுகுப்புறம் மட்டும் 6 மி.மீ. ஒட்டுப்பலகை. அதை இகழ வேண்டியதில்லை. மெல்லிய மரத்தாள்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில், ஒன்றின் ரேகைக்கு மற்றொன்றின் ரேகை குறுக்காக ஒட்டுவதால் அது விரிவதும் சுருங்குவதும் மிகக் குறைவு. வாங்குவோர் பலகையில் இந்தியத் தர முத்திரையைப் பார்க்க வேண்டும். பொதுப் பயனுக்கு ஐ.எஸ். 303, நீர்படும் இடத்திற்கு ஐ.எஸ். 710.

உப்புத்தாள் தேய்த்து, சாராவியில் கரைத்த அரக்கைப் பலமுறை பூசினோம். அரக்கு மெருகின் மேல் சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பதைத் தாய்மார்கள் கவனிக்க. ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் நனைந்த துணியைச் சுருட்டி எறியக்கூடாது. அது தானே சூடேறித் தீப்பற்றும். பிரித்து விரித்து வெளியில் காயவிட வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, நான்கு அங்குலக் கால்களில் நிறுத்தினோம்; துடைப்பம் உள்ளே போகும், கறையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும். தம்பி இழுப்பறையைப் படியாக்கி ஏறுவான் என்பதால் இரும்புக் கோணத்தால் சுவரோடும் பிணைத்தாயிற்று.

ஐப்பசியில் நடு இழுப்பறை இறுகியது. இழைத்துவிடலாமா என்று அப்பா கேட்டார். மழையில் இழைத்தால் கோடையில் சந்து விழும், தை வரை பொறுங்கள் என்று தாத்தா சொல்லி அனுப்பினார். பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதே அது முன்போல ஒரு விரலுக்குத் திறந்தது.