வாடகைக்குக் கிடைக்கும் பெரும்பான்மை

2020 ஆகஸ்ட் மாதம் மட்டும் எத்தீரியம் கிளாசிக் என்ற கிரிப்டோ நாணயத்தின் பிளாக்செயின் மூன்று முறை திருத்தி எழுதப்பட்டது. முதல் தடவை மாறியவை 3,693 பிளாக்குகள், ஏறக்குறைய அரை நாள் கணக்கு. பிட்குவெரி நிறுவனம் அலசிச் சொன்னபடி, தாக்கியவர் ஹேஷ்பவர் (மைனிங் செய்யும் கணினித் திறன்) வாடகைக்குச் செலவிட்டது 17.5 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 1,92,000 டாலர். அவர் இரண்டு முறை செலவழித்துக்கொண்ட நாணயத்தின் மதிப்போ சுமார் 56 லட்சம் டாலர்.

வழிமுறை எளிது. ப்ரூஃப் ஆஃப் வொர்க் நாணயங்களில் எந்தச் சங்கிலியில் அதிகக் கணினி உழைப்பு சேர்ந்திருக்கிறதோ அதுவே செல்லும். தாக்குபவர் ஒரு எக்ஸ்சேஞ்சில் நாணயத்தைப் போடுகிறார், வேறு நாணயமாக மாற்றி வெளியே எடுக்கிறார். அதே நேரத்தில் யாருக்கும் காட்டாமல் இன்னொரு சங்கிலியை வளர்க்கிறார். அதில் அந்த நாணயம் எக்ஸ்சேஞ்சுக்குப் போகவே இல்லை, அவருடைய வேறொரு வாலட்டுக்குத்தான் போயிருக்கிறது. மொத்த ஹேஷ்பவரில் பாதிக்கு மேல் அவரிடம் இருந்தால் ரகசியச் சங்கிலிதான் முந்தும். அதை வெளியே விட்டதும் எல்லாக் கணினிகளும் விதிப்படியே அதற்கு மாறிக்கொள்ளும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, சின்ன நாணயங்களை வாங்குகிறவர்களுக்கும், கட்டணமாக ஏற்கிறவர்களுக்கும், புதிதாக ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் சில விஷயங்கள்.

செய்ய வேண்டியவை

• விலையைப் பார்ப்பதற்கு முன் மைனிங் அல்காரிதத்தைப் பாருங்கள். அதே அல்காரிதத்தில் இன்னொரு பெரிய நாணயம் ஓடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. 2020இல் எத்தீரியமும் எத்தீரியம் கிளாசிக்கும் ஒரே ஈத்தாஷ் குடும்பம். பெரியதில் ஓடிய இயந்திரங்களில் ஒரு சிறு பங்கு இந்தப் பக்கம் திரும்பினாலே சின்னதில் அது பெரும்பான்மை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங்கையே கைவிட்டபோது நிலைமை தலைகீழானது: வேலையிழந்த ஜிபியுக்களில் ஒரு பகுதி கிளாசிக்குக்கு வந்து சேர்ந்தது, அந்தக் குடும்பத்தில் அதுவே பெரியதாகிவிட்டது. பக்கத்து வீடு காலியானதால் கிடைத்த பாதுகாப்பு என்பதை மறக்க வேண்டாம்.

• அந்த நாணயத்துக்கு வேண்டிய ஹேஷ்பவர் வாடகைச் சந்தையில் எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள். ஸ்லோவேனியாவில் 2014இல் தொடங்கிய நைஸ்ஹேஷ் போன்ற இடங்களில், மணிக்கணக்கில் ஜேசிபி எடுப்பதுபோல ஹேஷ்பவர் எடுக்கலாம். இயந்திரம் வாங்கிப் போட்டவருக்கு அந்த நாணயம் செத்தால் முதல் போய்விடும். வாடகைக்கு எடுத்தவர் வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார். ஆபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். எல்லோரும் ஜிபியுவிலேயே மைனிங் செய்யலாம், அதுதான் ஜனநாயகம் என்று சொல்லி 2017இல் பிட்காயினிலிருந்து பிரிந்தது பிட்காயின் கோல்டு. எதற்கும் பயன்படும் ஜிபியுவுக்கு எந்த நாணயத்திடமும் விசுவாசம் கிடையாது. 2018 மே மாதம் 3,88,000க்கும் மேற்பட்ட பிட்காயின் கோல்டு நாணயங்கள் இரண்டு முறை செலவாயின. மதிப்பு சுமார் 1.8 கோடி டாலர்.

• தொகை பெரியதென்றால், பரிவர்த்தனைக்கு மேல் கூடுதல் பிளாக்குகள் சேரும்வரை காத்திருங்கள்.

• நாணயத்தை நடத்துகிறவர் நீங்கள் என்றால், தனியாக நிற்க வேண்டும் என்ற வீம்பை விடுங்கள். டோஜ்காயின் 2014இல் லைட்காயினுடன் சேர்த்து மைனிங் செய்ய ஏற்பாடு செய்துகொண்டது. ஒரே உழைப்பு இரண்டு சங்கிலிகளையும் காக்கிறது. டாஷ் 2019இல் செயின்லாக்ஸ் கொண்டுவந்தது. அதில் மாஸ்டர்நோடுகள் எனப்படும் சிறப்புக் கணினிகள் கையெழுத்திட்ட பிளாக்கைப் பிறகு மாற்ற முடியாது. இதனால் மைனர்களை நம்புவதற்குப் பதில் மாஸ்டர்நோடு வைத்திருப்பவர்களை நம்ப வேண்டிவரும். அந்த விலை தெரிந்தே செய்ய வேண்டிய காரியம்.

செய்யக்கூடாதவை

• “ஆறு கன்ஃபர்மேஷன் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை” என்று இருக்காதீர்கள். பிட்காயினின் பழக்கத்தைச் சின்ன நாணயத்துக்கு அப்படியே தூக்கி வரக்கூடாது. பிட்காயினை உருவாக்கிய சடோஷியின் 2008 கட்டுரையிலேயே ஒரு கணக்கு உண்டு: தாக்குபவர் வெற்றி பெறும் வாய்ப்பு 0.1 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டுமானால், அவரிடம் 10 சதவீத ஹேஷ்பவர் இருக்கும்போது 5 பிளாக் போதும். 30 சதவீதம் என்றால் 24. 45 சதவீதம் என்றால் 340. பாதியைத் தாண்டிவிட்டால் எத்தனை பிளாக் காத்திருந்தாலும் கணக்கு தேறாது. அவர் எவ்வளவு நேரம் வாடகை கொடுக்கத் தயாராக இருக்கிறார் என்பது மட்டுமே மிச்சம்.

• தாக்குபவர்கள் உங்கள் வாலட்டைத் துடைத்துவிடுவார்கள் என்று பதறாதீர்கள். உங்கள் சாவி இல்லாமல் உங்கள் நாணயத்தை அவர்களால் நகர்த்த முடியாது, விதியை மீறிப் புதிய நாணயம் அச்சடிக்கவும் முடியாது. தங்கள் செலவை ரத்து செய்யலாம், பிறர் பரிவர்த்தனையைத் தடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். நேரடி நஷ்டம் பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சுக்கு. ஆனால் அதற்காக நிம்மதியாகத் தூங்கவும் வேண்டாம். 2018 தாக்குதலுக்குப் பிறகு நஷ்டத்தில் ஒரு பங்கை ஏற்கும்படி பிட்ரெக்ஸ் எக்ஸ்சேஞ்ச் கேட்டது, பிட்காயின் கோல்டு தரப்பு மறுத்தது, செப்டம்பரில் நாணயம் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. கையில் வைத்திருப்பவருக்கு அடி விழுவது இந்த வழியில்.

• ஒரு முறை நடந்துவிட்டதால் இனி நடக்காது என்று நம்பாதீர்கள். பிட்காயின் கோல்டு அல்காரிதத்தை மாற்றிய பிறகும் 2020 ஜனவரியில் மறுபடி அடி வாங்கியது. எத்தீரியம் கிளாசிக் 2019 ஜனவரியிலேயே ஒரு தடவை பார்த்தாயிற்று. அந்தத் தடவை தாக்கியவர் கேட்.ஐஓ எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு லட்சம் டாலர் மதிப்பைத் திருப்பி அனுப்பினார், ஏன் என்று சொல்லவில்லை. திருடரின் பெருந்தன்மையை வைத்து யாரும் தொழில் நடத்த முடியாது.

• பாதிக்கு மேல் என்பதைக் குறிக்கும் 51 சதவீதம் என்ற எண்ணிலேயே கண்ணை வைத்திருக்காதீர்கள். பிளாக்குகளைச் சற்று நேரம் மறைத்து வைத்து விளையாடினால் தன் பங்குக்கு மேல் வருமானம் எடுக்க அதைவிடக் குறைந்த பங்கே போதும் என்று ஆய்வாளர்கள் இயாலும் சிரரும் 2013இலேயே காட்டினார்கள். 2025 செப்டம்பரில், க்யூபிக் குழுவின் மைனிங் நடந்துகொண்டிருந்தபோது மொனேரோவில் 18 பிளாக்குகள் மாறின. அங்கே வாடகைச் சந்தை தேவைப்படவில்லை. சொந்த டோக்கனில் கூடுதல் வருமானம் காட்டி மைனர்களை இழுத்தார்கள்.

• குழப்பம் நடக்கும் நேரத்தில் “இப்போது மலிவாகக் கிடைக்கிறது” என்று முன்பின் தெரியாதவரிடம் நேரடியாக வாங்காதீர்கள். எக்ஸ்சேஞ்ச் டெபாசிட்டை நிறுத்தி வைத்திருக்கும் சமயத்தில் உங்களுக்கு விற்கத் துடிக்கிறவர், அங்கே செலுத்த முடியாத நாணயத்தைத்தான் உங்களிடம் தள்ளிக்கொண்டிருக்கலாம்.